ரிலே மேல் வைத்த விரல்

"போடு" என்கிறேன். தூக்கி நிறுத்திய பானெட்டுக்கு அந்தப் பக்கம், ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் என் மனைவி சாந்தாமணி. "போட்டாச்சுங்" என்கிறாள். சாவி திரும்பிவிட்டது. என் வலது கை ஆள்காட்டி விரல் ஃபியூஸ் பெட்டிக்குள் ஒரு ரிலேவின் தலைமேல் இருக்கிறது. இப்போது அது அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. "நிறுத்து" என்கிறேன். "நிறுத்தீட்டனுங்." கொஞ்சம் பொறுத்து மறுபடி "போடு". வேறு வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேசிக்கொள்வார்களோ தெரியாது, எங்களுக்குள் அதிகமாகப் பேசப்பட்டவை இந்த இரண்டு வார்த்தைகளாகத்தான் இருக்கும். போடு, நிறுத்து. ரிலே என்பது தீப்பெட்டியில் பாதியளவு கறுப்புப் பெட்டி. உள்ளே ஒரு செம்புச் சுருள், ஒரு இரும்பு நாக்கு, அவ்வளவுதான். மின்சாரம் வந்தால் சுருள் காந்தமாகி நாக்கை இழுக்கும், நாக்கு போய் ஒட்டும்போது டிக் என்று ஒரு அடி. கொசு வந்து முட்டியது மாதிரி அந்த அடி விரல் நுனிக்குத் தெரியும். மற்ற ஊர்களில் எலக்ட்ரீஷியன்கள் அதைக் காதால் கேட்பார்களாம். திருப்பூரில் இந்தச் சந்துக்குள் அது நடக்காது, சுவருக்கு அந்தப்புறம் நிட்டிங் கம்பெனி, காலையில் ஆரம்பித்தால் கடகடவென்று நூலைத் தின்றுகொண்டே இருக்கும், நாங்கள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்கும் கத்தத்தான் வேண்டும். அதனால் எனக்கு விரல்தான் காது. கடை வைத்த நாளிலிருந்து விரல்தான் காது. அந்த விரல்தான் இப்போது ஒன்றுமில்லை என்கிறது. ரிலே அடிக்காததால் ஒன்றுமில்லையா, அடித்தும் ஒன்றுமில்லையா. இரண்டாவது கேள்வியை நான் கேட்கப் போவதில்லை. காலையில் எழுந்ததிலிருந்து அதைக் கேட்காமல்தான் இருக்கிறேன், ஆடி மாசத்திலிருந்தே கேட்காமல்தான் இருக்கிறேன்.

வண்டி தேவசிகாமணி என்கிற பனியன் கம்பெனிக்காரருடையது. வெளிநாட்டு வண்டி, பெரிசு, நான்கு சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பலூன். முன்னால் ஒரு கம்ப்ரஸர் இருந்து காற்றை அனுப்பினால் வண்டி எழுந்து நிற்கும், காற்றை விட்டால் படுத்துக்கொள்ளும். பட்டனை அமுக்கினால் யானை கால் மடக்குகிற மாதிரி தாழ்ந்து கொடுக்கும் என்று அவர் வாங்கிய புதிதில் எல்லாரிடமும் செய்து காட்டினார், இப்போது பட்டனை அமுக்காமலே படுத்துவிட்டது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு விரல்கூடப் போகாது. டிரைவர் லோகநாதன் ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்து சேர்த்தான். "அண்ணா, சாயந்தரம் பெரியம்மாவ ஆஸ்பத்திரியில இருந்து கூட்டியாறோணுமுங். இடுப்பு ஆப்பரேசனுங். வேற வண்டியில ஏற முடியாதுங்கறாங்க, குலுங்கக் கூடாதுங்கறாங்க, இதுதான் வேணுமுங்கறாங்க" என்று சொல்லிவிட்டு வாசலில் நிற்கிறான். பெரியம்மா என்றால் தேவசிகாமணியின் அம்மா. சரி, பார்க்கிறேன் என்றேன். ஃபியூஸ் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ரிலேதான் கம்ப்ரஸருக்கு வாசற்கதவு. உள்ளே ஒரு மூளைப்பெட்டி இருக்கிறது, வண்டி தாழ்ந்திருப்பதை சென்ஸார் சொன்னால் அது ரிலேவுக்குக் கட்டளை கொடுக்கும், ரிலே அடிக்கும், கதவு திறக்கும், கம்ப்ரஸர் ஓடும். ரிலே அடித்தால் கோளாறு கதவுக்கு அந்தப் பக்கம், வயரில், மோட்டாரில், எர்த்தில். அடிக்காவிட்டால் இந்தப் பக்கம், பெட்டியில். எந்தப் பக்கம் போவது என்பதை முடிவுசெய்ய ஒரு விரல் போதும். இத்தனை பெரிய வண்டிக்கு ஒரே ஒரு விரல். அந்த விரல் சொல்லிவிட்டது, அடிக்கவில்லை, ஆகவே கோளாறு இந்தப் பக்கம், ஆகவே மூளைப்பெட்டி போய்விட்டது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது. எனக்கு ஒரு நிம்மதி வந்ததை மறைக்க மாட்டேன். பெட்டி செத்திருந்தால் நான் உயிரோடிருக்கிறேன் என்று அர்த்தம்.

"லோகு, பெட்டி போயிருக்கும்போல" என்று வாசலைப் பார்த்துக் கத்தினேன். அவன் முகம் தொங்கிவிட்டது. "அது எங்கீங்ணா கெடைக்கும்?" "கோயமுத்தூர்ல கேக்கோணும். இல்லீன்னா மெட்ராஸ்." "அப்ப இன்னிக்கு ஆகாதுங்களா?" அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனான், இங்கே நின்று பேசினால் முதலாளிக்கு நிட்டிங் மிஷின்தான் கேட்கும். சாந்தாமணி கண்ணாடி இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். "பெட்டியா போயிருச்சு? நேத்துவரைக்கும் நல்லாத்தான ஓடுச்சுங்கறாங்க." அவள் இப்படித்தான். முன்பு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள், ஒரு துணியைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஓட்டைதான். பெரிய வண்டிகளில் ஏறுமுன் சீட்டில் பனியன் வேஸ்ட் துணியை விரித்துத்தான் உட்காருவாள், நம்ம கிரீஸ் அவங்க சீட்டுல ஆகக்கூடாது என்பாள். "இருக்கும்" என்றேன். "டெஸ்ட் லேம்ப் போட்டுப் பாத்தீங்களா?" போடவில்லை. விரல் சொல்லிவிட்டால் நான் லேம்ப் போடுவதில்லை, அது அவளுக்குத் தெரியும். அவள் கேட்டதும் கோபம் வந்தது. உனக்கென்ன தெரியும், சாவியைத் திருப்பு என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். கோபம் அவள்மேல் இல்லை. விரல்மேல்கூட இல்லை. யார்மேல் என்று தெரியாத கோபம், வீட்டில் சோற்றுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைக்கிற கோபம், ஆடியிலிருந்து இதுவும் கூடவே இருக்கிறது.

ஆடியில் ஒரு மத்தியானம் லாரி ஒன்றின் லைட் வயரை சால்டரிங் வைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ தீய்கிற வாசம் வந்தது. வயர் மேலிருக்கும் பிளாஸ்டிக் என்று நினைத்து சால்டரிங் அயர்னை நகர்த்தினேன், வாசம் போகவில்லை. குனிந்து பார்த்தால் என் விரல். இடதுகை நடுவிரலில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. வலிக்கவில்லை. அதுதான். வலித்திருந்தால் கையை உதறி, ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, தண்ணீரில் விட்டு மறந்திருப்பேன். வலிக்காமல் போனதால் அதை இன்றுவரை மறக்க முடியவில்லை. விரலையே வெறித்துப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, லாரிக்காரர் "என்னங்க, முடிஞ்சுதுங்களா?" என்றார். முடிந்தது என்றேன். அன்று பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன், சாந்தாமணி கேட்டதற்குத் தகடு கிழித்துவிட்டது என்றேன். அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது, அல்லது தெரியாமல் போக ஆரம்பித்தது. சட்டைப் பட்டன் காஜாவுக்குள் போய்விட்டதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அதனால் சட்டையை விட்டுவிட்டு எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் டீ-சர்ட்டுகளுக்கு மாறினேன், திருப்பூரில் அதற்கா பஞ்சம், முதுகில் ஏதோ ஜெர்மன்காரன் சமாச்சாரம் எழுதிய டீ-சர்ட்டில் திரிகிறேன், எல்லாரும் அண்ணனுக்கு இளமை திரும்புது என்று கேலி செய்கிறார்கள். சின்ன ஸ்க்ரூவைத் துளையில் வைத்தால் வைத்தேனா விட்டேனா என்று தெரியவில்லை. டீ டம்ளரை வாங்கும்போது சூடா ஆறியதா என்று உதட்டில் வைத்த பிறகுதான் தெரிகிறது. "அங்க வெச்சிரு" என்று மேஜையைக் காட்டப் பழகிக்கொண்டேன். சாந்தாமணி வைத்துவிட்டுப் போகிறாள். முன்பெல்லாம் கையில் கொடுத்துவிட்டு நான் ஒரு வாய் குடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

டாக்டரிடம் போகாமல் இல்லை. சுகர் இருப்பது தெரியும், மாத்திரை இருக்கிறது, போன தடவை டாக்டரம்மா கண்ணை மூடச் சொன்னார். சின்ன வயசு, கையில் வளையல் வளையலாக ஏதோ போட்டிருந்தார். மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு நைலான் நூலை வைத்துக்கொண்டு பாதத்தில், பிறகு விரல்களில் தொட்டார். "தொடும்போது சொல்லுங்க." கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒன்றுமில்லை, இருட்டு, விரல் இருக்கிற இடத்தில் விரல் இருக்கிற நினைப்பு மட்டும். ஆனால் அவர் கையை நீட்டும்போதெல்லாம் வளையல் லேசாகச் சிணுங்கியது. சிணுங்கினால் "ஆமாங்" என்றேன். மறுபடி சிணுங்கினால் மறுபடி "ஆமாங்". "பரவாயில்லையே, நல்லாத்தான் இருக்கு" என்று எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் பரீட்சையில் காப்பியடித்துத் தேறியவன் மாதிரி ஒரு சந்தோஷம். சென்ஸார் பொய் சொன்னால் வண்டி என்ன கதியாகும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். தாழ்ந்து கிடக்கிற வண்டியை உசரமாக இருக்கிறது என்று சென்ஸார் சொன்னால் பெட்டி என்ன செய்யும், பாவம், நம்பும். டாக்டரம்மாவும் நம்பினார். நரம்பு செத்துவிட்டதா, இல்லை தூங்குகிறதா, மாத்திரை மாற்றினால் திரும்புமா, திரும்பாதா, இதெல்லாம் அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும். அந்தப் பதில் வராமல் இருப்பதற்குத்தான் நான் ஆமாங் ஆமாங் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

டெஸ்ட் லேம்ப்பை எடுக்கிறேன். பழைய இண்டிகேட்டர் பல்பு, இரண்டு வயர், ஒரு கூரான முனை. ரிலேவைப் பிடுங்கிவிட்டு, கட்டளை வருகிற துளையில் முனையை வைக்கிறேன். எரியக்கூடாது. எரியாவிட்டால் பெட்டி செத்தது, நான் சொன்னது சரி, லோகநாதன் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருப்பதும் சரி. "போடு." "போட்டாச்சுங்." பல்பு எரிகிறது. நன்றாக, மஞ்சளாக, கண்ணுக்கு நேரே எரிகிறது. பெட்டி உயிரோடிருக்கிறது. கட்டளை வருகிறது. "எரியுதுங்களா?" என்கிறாள் அந்தப் பக்கத்திலிருந்து. "ம்" என்கிறேன். சரி, அப்படியானால் ரிலே. கட்டளை வந்தும் அடிக்காத ரிலே, உள்ளே சுருள் அறுந்திருக்கும், அதுவும் நடக்கிறதுதான். பெட்டி இல்லை, ரிலே, நல்லதாகப் போயிற்று, லோகநாதனுக்கும் நல்லது, பெரியம்மாவுக்கும் நல்லது. பக்கத்திலேயே ஹாரன் ரிலே இருக்கிறது, அச்சு அசல் இதே மாதிரி. இரண்டையும் இடம் மாற்றுவது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது. ஹாரன் ரிலேவைப் பிடுங்கி கம்ப்ரஸர் இடத்தில் அழுத்துகிறேன். கம்ப்ரஸர் ரிலேவை ஹாரன் இடத்தில் அழுத்துகிறேன். விரலை வைக்கிறேன். "போடு." ஒன்றுமில்லை. "நிறுத்து. போடு." ஒன்றுமில்லை. இதுவும் செத்ததா. ஒரே வண்டியில் ஒரே நாளில் இரண்டு ரிலே செத்ததா. சாகட்டுமே, சாகக்கூடாதா. "ஹாரன அமுத்து" என்கிறேன். அமுத்தினாள். பேம் என்று அந்தச் சந்தே அதிர்ந்தது. எதிரே படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. அறுந்தது என்று நான் சொன்ன ரிலேதான் ஹாரனை அடித்தது.

இனி என்ன இருக்கிறது. கட்டளை வருகிறது, பல்பு சொன்னது. ரிலே நல்லது, ஹாரன் சொன்னது. இன்னொரு ரிலேவும் நல்லது, கொஞ்சம் முன்னால்தானே லோகநாதன் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான். நல்ல கட்டளையும் நல்ல ரிலேவும் சேர்ந்தால் டிக் என்று அடித்தே ஆகவேண்டும், இதில் யோசிக்க ஒன்றுமில்லை, இது அறிவு இல்லை, கணக்கும் இல்லை, தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, நல்லதையெல்லாம் தள்ளிவிட்டு, மிஞ்சுவதைப் பிடிப்பதுதான் என் தொழில். மிஞ்சுவது என் விரல். விரலைப் பார்க்கிறேன். பார்க்க ஒரு குறையுமில்லை. நகத்துக்குள் கிரீஸ், ஓரத்தில் ஒரு பழைய வெட்டு. நடுவிரலை வைத்துப் பார்க்கிறேன். கட்டைவிரலை வைக்கிறேன். இடதுகையை வைக்கிறேன். "போடு, நிறுத்து, போடு, நிறுத்து" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அவள் சலிக்காமல் திருப்புகிறாள், ஒரு கட்டத்தில் கன்னத்தை வைத்தால் என்ன என்றுகூடத் தோன்றியது, ஐம்பதைத் தாண்டிய ஆம்பிளை ஃபியூஸ் பெட்டிக்குள் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பதை லோகநாதன் வந்து பார்த்தால் என்ன நினைப்பான். ரிலேவை எடுத்துவிட்டு ஒரு வயரைக் குறுக்கே செருகி நேராக மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கலாம், தொழில் கற்கிறவன்கூட அதைத்தான் செய்வான். நான் செய்யவில்லை. அதைச் செய்தால் வண்டிக் கோளாறு தெரிந்துவிடும், என் விரலைப் பற்றிய கேள்வி மட்டும் தனியாக நிற்கும். கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

விரல் போனால் என்ன. கண் இருக்கிறது, பல்பு இருக்கிறது, மீட்டர் இருக்கிறது என்று சொல்லலாம். சொல்கிறவர்கள் ஒரு வயரிங் கட்டுக்குள் கையை விட்டுப் பார்க்கட்டும். டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, முகத்தில் தூசி கொட்ட, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விட்டு, எந்த வயர் உள்ளே அறுந்து தொளதொளவென்று இருக்கிறது, எந்தக் கனெக்டரில் ஊசிக்கால் விலகியிருக்கிறது, எந்த இணைப்பு சூடாகிறது என்று பார்ப்பதெல்லாம் விரல்தான். சூடு தெரியாதவன் கையை ரேடியேட்டரில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பான். ஓடுகிற ஃபேனில் விரலைக் கொடுப்பான். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இத்தனை நேரடியாக இதுவரை எனக்கே சொல்லிக்கொண்டதில்லை, பயமாக இருக்கிறது. கடை போய்விடும் என்று மட்டும் இல்லை. சாந்தாமணிக்குக் கழுத்தில் ஒரு முடிச்சு உண்டு, வருஷக்கணக்காக ட்யூப்லைட்டுக்குக் கீழே குனிந்து துணி பார்த்ததில் வந்தது. வலது தோளுக்குக் கொஞ்சம் மேலே, உள்ளே, ஒரு புளியங்கொட்டை அளவு. வேறு யார் அமுக்கினாலும் கிடைக்காது, அவள் அக்காவுக்கும் கிடைக்காது, எண்ணெய் தேய்க்க வருகிற அம்மாளுக்கும் கிடைக்காது, எனக்குக் கிடைக்கும். விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனால் ஒரு இடத்தில் அது நழுவும், அங்கே பிடித்துக்கொள்வேன், அவள் "ஆங், அதுதானுங்" என்று கண்ணை மூடுவாள். ஆவணியில் ஒரு சாயந்தரம் வந்து, முடியை ஒதுக்கிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். எனக்குக் கை நீளவில்லை. வைத்து, தேடி, கிடைக்காமல் போனால். அவள் கழுத்தும் மேஜை மாதிரி, டம்ளர் மாதிரி ஒன்றுமில்லாமல் போனால். "கை வலிக்குது, இன்னொரு நாளைக்கு" என்றேன். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள். அப்புறம் கேட்கவே இல்லை. ஒரு தடவைகூட. கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது, அவளாக மறந்துவிட்டாள் என்று வைத்துக்கொண்டேன்.

"ஏனுங், எத்தன தடவதான் திருப்பறது? பேட்டரி எறங்கிருமுங்" என்கிறாள். "இன்னும் ஒரே தடவை." விரலை வைக்கிறேன். வலதுகை ஆள்காட்டி விரல், முதலில் வைத்த அதே விரல். நன்றாக அழுத்தாமல், லேசாக, எப்போதும் வைக்கிற மாதிரி. போடு என்று சொல்ல வாயைத் திறக்கும்போது கரண்ட் போகிறது. கடைக்குள் ஃபேன் நிற்கிறது. சுவருக்கு அந்தப்புறம் மிஷின்கள் ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து மூச்சை விடுகின்றன, நிற்கின்றன. ஜெனரேட்டர் போட ஆள் ஓடுவான், அதுவரைக்கும்தான் இந்த அமைதி. எவ்வளவு அமைதி. எங்கள் சந்தில் காக்கை இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரிகிறது. யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடக்கிறார்கள். சாந்தாமணியின் வளையல் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. போடு என்று நான் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் மெதுவாகத்தான் சொல்லியிருப்பேன், அவளாகத்தான் திருப்பினாள் என்று நினைக்கிறேன். டிக். கேட்டது. என் விரலுக்கு அடியிலிருந்துதான் கேட்டது. சுத்தமாக, ஒற்றையாக, ஒரு சின்னப் பூட்டு விழுகிற மாதிரி. அவள் சாவியை நிறுத்துகிறாள். டிக். மறுபடி போடுகிறாள். டிக். ரிலேவின் தலைமேல் விரல் இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அடிப்பதைக் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறேன், விரல் மட்டும் எனக்கென்ன என்று இருக்கிறது. காலையிலிருந்து, போட்ட ஒவ்வொரு தடவையும், அது அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமி எழுந்தது. மிஷின்கள் ஓட ஆரம்பித்தன. சத்தம் வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது, ஆனால் கேட்டது கேட்டதுதான்.

பானெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இப்படியே ஒன்றும் சொல்லாமல், ரிலே அடிக்கிறது என்று தெரிந்துவிட்டதே, மோட்டார் பக்கம் போய் கோளாறைப் பிடித்து வண்டியைக் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. நாளைக்கு வேறு வண்டி வரும், வேறு ரிலே, கரண்ட் எல்லா நேரமும் வேண்டிய நேரத்தில் போகாது. நாளைக்கு நான் ஒருத்தருடைய நல்ல பெட்டியைச் செத்தது என்பேன். இன்றைக்கே சொல்லிவிட்டேனே.

"சாந்தா" என்கிறேன். "இங்க வா."

இறங்கி, பனியன் வேஸ்டில் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். "சாவிய வண்டியிலயே வெச்சுட்டு வரட்டுங்களா?" "வெச்சுட்டு வா. இதுமேல விரல வெய்." வைக்கிறாள். நான் போய் அவள் இடத்தில், கதவு வழியாகக் கையை விட்டு, சாவியைத் திருப்புகிறேன், நிறுத்துகிறேன், திருப்புகிறேன். திரும்பி வருகிறேன்.

"அடிக்குதா?"

"நல்லா அடிக்குதுங். ஏன், அடிக்கலைன்னீங்க?" என் காதருகே வந்துதான் கேட்கிறாள், இந்தச் சத்தத்தில் வேறு வழியில்லை.

"எனக்குத் தெரியல."

"என்னது தெரியல?"

"விரலுக்குத் தெரியல. எந்த விரலுக்கும் தெரியல, சாந்தா. மரத்துப் போச்சு."

அவள் என் கையைப் பார்க்கிறாள். பிடிக்கவில்லை, பார்க்கிறாள். பிறகு என் நடுவிரலில் அந்தப் பழைய சூட்டுத் தழும்பைப் பார்க்கிறாள், தகடு கிழித்தது என்று நான் சொன்னது.

"எப்ப இருந்துங்?"

"ஆடியில இருந்து."

"ஆடியில இருந்தா?" அவள் குரல் ஏறியது. "சொல்றதுக்கென்ன, வாயும் மரத்துப் போச்சுங்களா?" அவள் கண் எங்கேயோ போய், எதையோ எண்ணிப் பார்த்து, திரும்பி வந்தது. "அப்ப அன்னைக்குக் கழுத்த அமுத்தச் சொன்னப்ப, கை வலிக்குதுன்னீங்களே."

"வலிக்கல. தெரியாமப் போயிருமோன்னு பயந்துக்கிட்டேன்."

"நான் உங்களுக்குச் சலிச்சுப் போயிட்டனாக்கும்னு நெனச்சேனுங்" என்றாள். "டீயக் கையில வாங்கறதில்ல, பக்கத்துல வந்தா நகந்துக்கறது. வயசாயிருச்சு, இனி அவ்வளவுதானாக்கும்னு நெனச்சுக்கிட்டு, நானும் கேக்காம இருந்தனுங்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், கிரீஸ் ஒரு கோடு கன்னத்தில் இழுத்துக்கொண்டது. அவள் அழுதாளா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் அழுதேன். இந்தச் சந்தில் அதற்கும் சத்தம் கேட்காது.

வேலை பாக்கி இருக்கிறது. ரிலே அடிக்கிறது, ஆகவே கோளாறு அந்தப் பக்கம். கம்ப்ரஸரிலிருந்து வருகிற வயர் ஹெட்லைட்டுக்குப் பின்னால் பாடியில் ஒரு போல்ட்டில் எர்த்தாக முடிகிறது. அங்கே ஒரு பச்சைப் பூச்சு, உப்புத் தண்ணீரில் வண்டி கழுவியதில் பூத்திருக்கிறது. கண்ணுக்கு எட்டியது. முதலிலேயே இங்கே வந்து பார்த்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும், விரலை நம்பி வராமல் இருந்துவிட்டேன். "அந்த போல்ட்டத் தொட்டுப் பாரு, பாத்து, மெதுவா." தொட்டாள், வெடுக்கென்று கையை எடுத்தாள். "சுடுதுங். நல்லா சுடுதுங்." சுடத்தான் வேண்டும். மோட்டாருக்குப் போகவேண்டிய கரண்டெல்லாம் அந்தப் பச்சையில் மாட்டிக்கொண்டு அங்கேயே வெந்துகொண்டிருந்திருக்கிறது. அவளைச் சாவியை நிறுத்தச் சொல்லிவிட்டு போல்ட்டைக் கழற்றினேன், வயர் நுனி வளையத்தை உப்புத்தாளில் வெள்ளையாகும்வரை தேய்த்தேன், பாடியையும் தேய்த்தேன், திருப்பி மாட்டி முறுக்கினேன். முறுக்கினது இறுகியதா என்று "இழுத்துப் பாரு" என்றேன். இழுத்தாள். "அசையலீங்." லோகநாதன் போனோடு திரும்பி வந்து நின்றான். "அண்ணா, முதலாளி பெட்டி எப்ப வருமுன்னு கேக்கறாருங்." "பெட்டி நல்லா இருக்குது. நான்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்னு சொல்லு. பெரியம்மாவக் கூப்பிடப் போலாம்." அவன் போனை எடுத்துக்கொண்டு மறுபடி முனைக்கு ஓடினான்.

பானெட்டை இறக்கி மூடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் தெரிந்தது, கன்னத்துக் கிரீஸோடு. "போடு" என்றேன். என்ஜினையே போட்டாள். முன்னால் எங்கேயோ கம்ப்ரஸர் ஓடுவது நிட்டிங் சத்தத்தில் கேட்கவில்லை, மட்கார்டில் உள்ளங்கையை வைத்தேன், அதுவும் தெரியவில்லை. ஆனால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. கோடு அகலமானது. வண்டி எழுந்தது, முதலில் பின்பக்கம், அப்புறம் முன்பக்கம், அவசரமில்லாமல், உள்ளே உட்கார்ந்திருந்த சாந்தாமணியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு. ஜன்னல் பக்கம் போனேன். அவள் தலையை வெளியே நீட்டி, காதோடு காதாகச் சொன்னாள். "நாளைக்கு அந்த டாக்டரம்மாகிட்டப் போயி நெசத்தச் சொல்லோணும். நான் கூட வருவேன். சாயந்தரம் கழுத்துல எங்க வலிக்குதுன்னு நான் சொல்றேனுங். நீங்க அமுத்துனாப் போதும்."

"சரி" என்றேன்.

"நிறுத்தட்டுங்களா?"

"வேண்டாம். இரு, முழுசா ஏறட்டும்."